பழைய கவுண்டி மேப்புல இருக்கற ரோடு எந்த வருஷத்து ரோடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல பழைய மேப்புகளுக்குன்னு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீங்க, பார்த்ததும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அதுல நடுவுல இருந்த பெரிய படத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும்னுதான் இதை எழுதறேன். கிறிஸ்டோபர் சாக்ஸ்டனோட இங்கிலாந்து கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மேப் ஒண்ணைப் போட்டு, கீழ "1579ல் இங்கிலாந்தின் சாலைகள்"னு எழுதியிருந்தீங்க. படத்துல ரோடு இருக்கறது நிஜம், ஊருக்கு ஊர் கோடு தெளிவா ஓடுது. ஆனா 1579ல வந்த சாக்ஸ்டன் அட்லஸ்ல ரோடே கிடையாது. அந்தக் கோடெல்லாம் நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, சாக்ஸ்டன் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆனப்புறம், மேப் அச்சடிக்கற அதே செப்புத் தகட்டுல வேற ஒருத்தர் வெட்டிச் சேர்த்தது. இது சின்னத் தப்பு மாதிரி தெரியலாம். ஆனா இதைச் சரியா சொல்லலேன்னா ரோடு மேப் எப்படிப் பொறந்துச்சுங்கற மொத்தக் கதையும் தலைகீழா போயிடுது, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

சாக்ஸ்டன் யார்க்‌ஷயர்க்காரர். 1570கள்ல இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டையும் சுத்தி சர்வே பண்ணினார், காசு போட்டது தாமஸ் செக்ஃபோர்டுன்னு ஒரு அரசாங்க அதிகாரி, பின்னாடி நின்னு தூண்டினது எலிசபெத் ராணியோட முக்கிய மந்திரி பர்லி பிரபு. 1579ல மொத்தம் 35 மேப்போட அட்லஸ் வந்துச்சு, 34 கவுண்டி மேப், ஒண்ணு முழு நாட்டுக்கும். அவர் வேலை செஞ்ச விதத்துக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. 1576ல வேல்ஸ்ல இருக்கற அதிகாரிகளுக்கு ராணியோட ஆலோசனை சபை ஒரு கடிதம் அனுப்பிச்சு, இந்த ஆள் வந்தா கோபுரம், கோட்டை, மலைன்னு உசரமான எடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போங்க, அந்தப் பகுதி நல்லா தெரிஞ்ச ரெண்டு மூணு பேரைக் கூட அனுப்புங்கன்னு. அதாவது உசரத்துல நின்னு சுத்திப் பார்த்து, அது எந்த ஊர், இது எந்த ஆறுன்னு கூட வந்தவங்ககிட்ட கேட்டு எழுதிக்கிட்டது. மேல இருந்து பார்க்கறவனுக்கு சர்ச் கோபுரம் தெரியும், காடு தெரியும், ஆறு தெரியும், ரோடு அவ்வளவா தெரியாது.

அந்த அட்லஸோட முதல் அச்சுல ஒரு பக்கத்தை ஸ்கேன்ல பெருசாக்கிப் பாருங்க, ஒரு விஷயம் கண்ணுல படும். ஆறு வளைஞ்சு வருது, அது மேல குறுக்க சின்னதா ரெண்டு கோடு, அதுதான் பாலம். அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோடு கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது, வெத்துக் காகிதத்துல பாலம் மட்டும் நிக்குது. மான் வளர்க்கற பார்க்குக்கெல்லாம் சுத்தி வேலி போட்டுக் காட்டியிருக்கார். குன்றெல்லாம் சர்க்கரைக் குவியல் மாதிரி. ஆனா ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு எப்படிப் போறதுன்னு மட்டும் ஒரு வார்த்தை இல்ல.

ஏன்னா அது பயணிக்கு போட்ட மேப் இல்ல, ஆட்சி பண்றவங்களுக்கு போட்ட மேப். பர்லி பிரபு மேப் அச்சாக அச்சாக ஒவ்வொரு ஷீட்டா வாங்கி தனக்குன்னு ஒரு தொகுப்பா கட்டி வெச்சுக்கிட்டார், அது இப்பவும் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு, அதுல அவர் கைப்பட எழுதின குறிப்பெல்லாம் இருக்கு. எந்தக் கவுண்டில யார் பெரிய மனுஷன், எந்தக் கடற்கரையில ஸ்பெயின் கப்பல் வந்து எறங்க வாய்ப்பு இருக்குங்கறதுதான் அவருக்கு கவலை. ஒரு வியாபாரி பிரிஸ்டலுக்கு எந்த வழியா போவான்ங்கறது அந்த அட்லஸோட கேள்வியே கிடையாது.

அப்போ பயணிங்க என்ன பண்ணாங்க? மேப் பார்த்துப் போற பழக்கமே இல்ல, பட்டியல் பார்த்துப் போனாங்க. பஞ்சாங்கம் மாதிரி வருஷா வருஷம் அச்சாகற அல்மனாக் புத்தகங்கள்ல, லண்டன்ல இருந்து கிளம்பினா அடுத்த ஊர் எது, எத்தனை மைல், அதுக்கு அடுத்தது எதுன்னு வரிசையா போட்டிருக்கும். நடுவுல சந்தேகம் வந்தா எதிர்ல வர்ற ஆளைக் கேக்க வேண்டியதுதான். ரோடுன்னு சொல்றோமே, அதுவும் பல எடத்துல ஒரே கோடா இருக்கல, சேறு ஆனா பக்கத்து மேட்டுல ஏறிப் போவாங்க, அப்படியே அகலமாகிக்கிட்டே போகும். 1555ல ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு பாரிஷ்ல, அதாவது ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர்ப் பகுதில, இருக்கறவங்களும் வருஷத்துக்கு 4 நாள் அவங்க எல்லைக்குள்ள ரோடு வேலை பார்க்கணும்னாங்க, 1563ல அது 6 நாள் ஆச்சு. கூலி இல்லாத வேலை, எவ்வளவு நல்லா நடந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

முதல்முதல்ல ஒரு இங்கிலீஷ் கவுண்டி மேப்புல ரோட்டைப் போட்டவர்னு சொல்லணும்னா அது ஜான் நார்டன், 1593ல மிடில்செக்ஸ் மேப்புல. மேப்போட ஓரத்துல எழுத்தும் எண்ணும் போட்டு, பின்னாடி இண்டெக்ஸ் பார்த்து ஊரைத் தேடற வசதியும் பண்ணினார், இன்னைக்கு நாம தெரு மேப்புல பண்ற அதே வேலை. இவ்வளவு யோசிச்ச மனுஷனுக்கு சாக்ஸ்டனுக்குக் கிடைச்ச ஆதரவு கிடைக்கல, கவுண்டி கவுண்டியா போடணும்னு ஆரம்பிச்ச வரிசைல மிடில்செக்ஸ், ஹார்ட்ஃபோர்ட்‌ஷயர் ரெண்டு மட்டும்தான் அவர் இருக்கும்போது புத்தகமா வந்துச்சு. 1625ல இன்னொண்ணு பண்ணினார், முக்கோண அட்டவணை, மேல ஒரு ஊர், பக்கத்துல ஒரு ஊர், ரெண்டும் சந்திக்கற கட்டத்துல எத்தனை மைல்னு எண். ரோடு அட்லஸ் பின்பக்கத்துல நாமெல்லாம் பார்த்திருக்கோமே, அதுதான். என்னைக் கேட்டா உங்க கட்டுரைல கட்டாயம் இருந்திருக்க வேண்டிய பேரு நார்டன். அவர் பேரே வராம போனதுல எனக்கு நெஜமாவே வருத்தம்.

ஜான் ஸ்பீடு பத்தி நீங்க எழுதினது சரிதான், அவர் தையல் தொழில் பார்த்தவர், 1611-12ல வந்த அவரோட அட்லஸ்தான் இன்னைக்கு வரைக்கும் சேகரிக்கறவங்க மத்தியில ரொம்ப பேர் வாங்கினது. ஆம்ஸ்டர்டாம்ல ஜொடோகஸ் ஹோண்டியஸ் கையால வெட்டின தகடுகள், அழகுக்குக் கேக்கணுமா. அடுத்தவங்க வெளைச்சல்ல நான் அரிவாள் வெச்சேன்னு ஸ்பீடே வெளிப்படையா எழுதியிருக்கார், சாக்ஸ்டன்கிட்ட இருந்தும் நார்டன்கிட்ட இருந்தும் எடுத்ததைச் சொல்றார். அவர் சொந்தமா சேர்த்ததுல முக்கியமானது மூலைல இருக்கற டவுன் பிளான், பலதையும் அவரே காலடி எண்ணி அளந்து, ஸ்கேலையும் காலடிக் கணக்குலயே போட்டிருக்கார். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, மூலைல இருக்கற பிளான்ல அந்த ஊரோட தெருவெல்லாம் இருக்கும், நடுவுல இருக்கற பெரிய மேப்புல அதே ஊருக்கு வந்து சேர்ற ஒரு ரோடு கூட இருக்காது. நார்டன் வழி காட்டினப்புறமும், ஒரே காகிதத்துல! கவுண்டி மேப்னா எல்லை, ஊர், ஆறு, பிரபுக்களோட சின்னம்னு ஒரு வழக்கம் ஊறிப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

இந்த வழக்கத்தை உடைச்சது ஒரு கவுண்டி மேப்காரர் கிடையாது, ஜான் ஓகில்பி. இவரைப் பத்தி நீங்க ரெண்டே வரில முடிச்சுட்டீங்க. ஸ்காட்லாந்துல 1600ல பொறந்தவர், டான்ஸ் மாஸ்டரா இருந்தார், கால்ல அடிபட்டு அந்தத் தொழில் போச்சு, டப்ளின்ல நாடகக் கொட்டகை நடத்தினார், வயசான காலத்துல லத்தீன், கிரேக்கம் கத்துக்கிட்டு வர்ஜிலையும் ஹோமரையும் மொழிபெயர்த்தார், 1666 லண்டன் தீ விபத்துல அவரோட புத்தக இருப்பெல்லாம் சாம்பலாச்சு. அதுக்கப்புறம்தான், எரிஞ்சு போன லண்டனை அளக்கற வேலைல இறங்கி, அங்க இருந்து முழு நாட்டு ரோட்டையும் அளக்கறதுக்குப் போறார். 1675ல 'பிரிட்டானியா'ங்கற அவரோட ரோடு அட்லஸ் வந்தப்போ அவருக்கு எழுபத்தஞ்சு வயசு, அடுத்த வருஷமே காலமாயிட்டார்.

100 தகடு, சுமார் 7500 மைல் ரோடு, ஒரு மைலுக்கு ஒரு இஞ்ச் கணக்கு. இதுல அவர் பண்ணின பெரிய காரியம், நாட்டை விட்டுட்டு ரோட்டை மட்டும் எடுத்துக்கிட்டது. ஒரு பக்கத்துல ஆறு ஏழு பட்டை, சுருள் விரிச்ச மாதிரி வரைஞ்சிருக்கும், இடது பக்கம் கீழ இருந்து ஆரம்பிச்சு மேல போகணும், மேல முடிஞ்சதும் அடுத்த பட்டைக்குக் கீழ வந்து திரும்ப மேல. ரோடு நிஜத்துல எந்தப் பக்கம் வளைஞ்சாலும் பட்டைல நேரா மேலதான் ஏறும், அதனால ஒவ்வொரு பட்டைலயும் தனித்தனியா திசைகாட்டி, வடக்கு இப்ப எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு காட்டறதுக்கு. முதல் தகடு லண்டன்ல இருந்து வேல்ஸ் கடற்கரைல இருக்கற அபெரிஸ்ட்வித்துக்குப் போற ரோடு.

பட்டைல ஒரு நாலு இஞ்ச் மட்டும் எடுத்துப் பாருங்க, எவ்வளவு இருக்குன்னு. மைலுக்கு எண், ஒரு மைலுக்குள்ள ஒவ்வொரு ஃபர்லாங்குக்கும் (மைல்ல எட்டுல ஒரு பங்கு) புள்ளி. ரோட்டோட ஓரக்கோடு முழுசா இருந்தா அங்க ரெண்டு பக்கமும் வேலி, புள்ளிக்கோடா இருந்தா திறந்த வெளி, மாடு குறுக்க வரும், ராத்திரில வழி தவறும். பக்கத்துல பிரியற ரோடெல்லாம் கொஞ்சமா கிளம்பி நின்னுடும், அது எந்த ஊருக்குப் போகுதுன்னு மட்டும் எழுதியிருக்கும். குன்று நேரா நின்னா ஏத்தம். குன்றைத் தலைகீழா வரைஞ்சிருந்தா எறக்கம். இதைப் புரிஞ்சுக்காம தகடு தப்பா வெட்டிட்டாங்கன்னு நினைக்கறவங்க இருக்காங்க. வண்டில பாரம் ஏத்திக்கிட்டு போறவனுக்கு மலையோட உருவம் எதுக்கு, ஏறணுமா எறங்கணுமாங்கறதுதானே வேணும்.

அளந்தது எப்படின்னா சக்கரத்தை வெச்சு. ஒரு ஆள் பெரிய சக்கரத்தைத் தள்ளிக்கிட்டே நடந்து வருவான், அது சுத்தற கணக்கை கைப்பிடி பக்கத்துல இருக்கற டயல் காட்டும், கூடவே ஒருத்தர் குதிரைல, கையில திசைகாட்டி. வென்செஸ்லாஸ் ஹோலார் வெட்டின முகப்புப் படத்துலயே அந்தச் சக்கரம் இருக்கு. அது வரைக்கும் மைல்ங்கறது ஊருக்கு ஊர் வேற வேற. 1760 கஜம் ஒரு மைல்னு 1593லயே சட்டத்துல இருந்தாலும் ஜனங்க பழைய நீள மைல்லதான் பேசிக்கிட்டு இருந்தாங்க. ஓகில்பி நாடு முழுக்க சட்ட மைல்ல அளந்து போட்டார், வழக்கமா சொல்லிக்கிட்டு இருந்த தூரமெல்லாம் திடீர்னு கூடிப்போச்சு. அவர் புத்தகத்துக்கு அப்புறம்தான் அந்த மைல் நெஜமாவே புழக்கத்துக்கு வந்துச்சுன்னு சொல்லலாம்.

இப்ப உங்க படத்துக்கு வர்றேன். ஓகில்பி புத்தகம் வந்ததும் மேப் விக்கறவங்களுக்கு ஒரு சங்கடம். ரோடு இல்லாத கவுண்டி மேப் திடீர்னு பழசாத் தெரியுது. புதுசா சர்வே பண்ண யாருகிட்டயும் காசு இல்ல. ஆனா சாக்ஸ்டனோட செப்புத் தகடெல்லாம் கை மாறி கை மாறி அப்படியே இருக்கு, செம்பு விலை உயர்ந்தது, யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. 1645ல வில்லியம் வெப்னு ஒருத்தர் அதே தகடுகளை வெச்சு திரும்ப அச்சடிச்சார், பல தகடுல எலிசபெத் ராணியோட சின்னத்தை அழிச்சுட்டு முதலாம் சார்ல்ஸோட சின்னத்தை வெட்டி வெச்சார். அப்புறம் 1690ஐ ஒட்டி ஃபிலிப் லீங்கற வியாபாரி கைக்கு அந்தத் தகடுகள் வருது, அவர்தான் ஓகில்பி அளந்த ரோடுகளை எடுத்து சாக்ஸ்டன் மேப்புமேல வெட்டினது. நீங்க போட்டிருக்கற படம் அந்த வகைதான், ரோடு இருக்கறதுல இருந்தே தெரிஞ்சு போச்சு.

செப்புத் தகட்டுல வேலை நடக்கற விதம் தெரிஞ்சா இது ஏன் இவ்வளவு சுலபமா நடந்துச்சுன்னு புரியும். ஒரு கோட்டைச் சேர்க்கணும்னா உளி எடுத்து வெட்டிட்டா போதும். அழிக்கறதுதான் கஷ்டம், மேல சுரண்டி, தேய்ச்சு வழவழன்னு ஆக்கி, அதனால பள்ளமான எடத்தை தகட்டோட பின்பக்கம் இருந்து சுத்தியலால தட்டி மேல கொண்டு வந்து, அப்புறம் புதுசா வெட்டணும். இவ்வளவு பண்ணியும் பழைய கோடு லேசா பேய் மாதிரி தெரியும். அதனால சேர்க்கறதெல்லாம் சேருது, அழிக்க வேண்டியது பலது அப்படியே தங்கிடுது. ஒரே ஷீட்ல ஊரும் பார்க்கும் 1570கள்ல பார்த்தது, ரோடு 1670கள்ல அளந்தது, அச்சடிச்சது அதுக்கும் அப்புறம். இப்படிப்பட்ட ஷீட்டுக்கு ஒரே வருஷத்தைப் போடறது எப்படிச் சரியாகும்?

பின்னாடி சேர்த்த ரோட்டைக் கண்டுபிடிக்கறதும் ரொம்பக் கஷ்டம் இல்ல. முதல்ல வெட்டினவர் ரோட்டுக்கு எடம் விட்டிருக்க மாட்டார்ல, அதனால கோடு ஊர்ப் பேரோட எழுத்துமேல ஏறிப் போகும், இல்ல எழுத்து கிட்ட வந்து நின்னு அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பிக்கும், குன்றோட நிழல் கோட்டுக்குள்ள புகுந்து போகும். வெட்டின ஆழமும் கோட்டோட தினுசும் வேற மாதிரி இருக்கும். அரச சின்னம் யாரோடதுன்னு பாருங்க, கீழ விக்கறவர் பேர் இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் மேப்போட ஓரத்துலயும் மூலைலயும்தான் இருக்கும், உங்க பேப்பர்ல படத்தை பக்கத்துக்குப் பொருந்தற மாதிரி நாலு பக்கமும் வெட்டிட்டதால அதுதான் இல்லாமப் போச்சு.

ராபர்ட் மார்டன் 1695ல போட்ட கவுண்டி மேப்புகள்லதான் ரோடுங்கறது ஆரம்பத்துல இருந்தே மேப்போட ஒரு பாகமா, பெரும்பாலான கவுண்டிக்கும் சேர்ந்து வருது. அதுலயும் பாருங்க, ஸ்கேல் மூணு இருக்கும், பெரிய மைல், நடு மைல், சின்ன மைல்னு. ஓகில்பி வந்து இருபது வருஷம் ஆகியும் எந்த மைலை நம்பறதுன்னு ஜனங்க முடிவு பண்ணல. ஓகில்பியோட புத்தகம் குதிரைல எடுத்துட்டுப் போற சைஸ் கிடையாது, மேஜைமேல வெச்சுப் பார்க்கற கனம், அதனால 1719, 1720ல அதையே சின்னதாக்கி மூணு பேர் போட்டி போட்டுக்கிட்டு வெளியிட்டாங்க. அதுல இமானுவேல் போவன் வெட்டின 'பிரிட்டானியா டிபிக்டா' நாப்பது வருஷத்துக்கும் மேல திரும்பத் திரும்ப அச்சாச்சு. ஆனா புது சர்வே எதுவும் கிடையாது, 1760கள்லயும் ஒருத்தன் பாக்கெட்ல 1670களோட ரோடுதான்.

இந்த நிலைமையை மாத்தினது காசுதான். 1663ல முதல் டோல் ரோடு சட்டம் வந்துச்சு, லண்டன்ல இருந்து வடக்க போற பெரிய ரோட்டுக்கு. அடுத்த நூறு வருஷத்துல டோல் ரோடு நாடு பூரா பரவிச்சு, காசு வாங்கற ரோடுன்னா அது எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு கறாரா தெரியணும். 1759ல கலைச் சங்கம்னு சொல்லலாம், லண்டன்ல இருந்த சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ், ஒரு இஞ்ச்சுக்கு ஒரு மைல் கணக்குல புதுசா ஒரு கவுண்டியை அளக்கறவங்களுக்கு 100 பவுண்ட் வரைக்கும் பரிசுன்னு அறிவிச்சாங்க, 1765ல டெவன் கவுண்டி மேப்புக்காக பெஞ்சமின் டான் முதல்ல வாங்கினார். 1784ல மெயில் கோச், அதாவது தபால் கொண்டு போற குதிரை வண்டி, ஓட ஆரம்பிச்சதும் தபால் துறைக்கு தூரம் சரியா வேண்டியிருந்துச்சு, 1794ல ஜான் கேரியைக் கூப்பிட்டு ரோடுகளைத் திரும்ப அளக்கச் சொன்னாங்க, அவர் சுமார் 9000 மைல் அளந்து 1798ல வழிகாட்டிப் புத்தகம் போட்டார். கேரியோட மேப்ப பார்த்தா கண்ணுக்கு அவ்வளவு சுத்தமா இருக்கும், அலங்காரமெல்லாம் போயிடுச்சு, ரோடுதான் முன்னாடி வருது. 1801ல அரசாங்கத்தோட மேப் அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயோட முதல் மேப், கென்ட் கவுண்டிக்கு, பிரான்ஸ் படை வந்துடும்ங்கற பயத்துல போட்டது, வெளிய வந்துச்சு. அங்க இருந்து மேப் போடறது மெல்ல மெல்ல அரசாங்க வேலையாவே ஆயிடுச்சு.

இன்னொரு வேண்டுகோளும் இருக்கு. உங்க கட்டுரை கடைசில, பழைய மேப்பை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டினா அழகா இருக்கும்னு முடிச்சிருந்தீங்க. தனி ஷீட்டா கடையில கிடைக்கறதுல பெரும்பாலானது முழு அட்லஸா இருந்ததைப் பிரிச்சு வித்தது. முழுப் புத்தகமா வித்தா கிடைக்கறதை விட ஒவ்வொரு பக்கமா வித்தா அதிகம் கிடைக்குதுன்னு பிரிக்கறாங்க. பிரிச்சதும் அது எந்தப் பதிப்புன்னு சொல்றதுக்கு இருந்த பாதி சாட்சி போயிடும். ஸ்பீடு மேப்போட பின்பக்கத்துல அந்தக் கவுண்டியைப் பத்தி ஒரு கட்டுரை அச்சடிச்சிருக்கும், அந்த எழுத்துக் கோத்திருக்கற விதத்தை வெச்சுத்தான் எந்த வருஷ அச்சுன்னே சொல்லுவாங்க, ஃப்ரேமுக்குள்ள அட்டை வெச்சு ஒட்டிட்டா அதுவும் போச்சு. பழைய பச்சைக் கலர் இருக்கே, செம்புல இருந்து எடுத்தது, அது காலப்போக்குல காகிதத்தையே அரிச்சு பின்பக்கம் பழுப்பா தெரியும், கலர் பழசா புதுசான்னு பார்க்கறதுக்கு அதுவும் ஒரு அடையாளம். இதெல்லாம் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாத்தான் தெரியும். வெயில் படற சுவத்துல மாட்டினா கலரும் நிக்காது. ஆசைப்படறவங்க நல்ல மறுபதிப்பு வாங்கி மாட்டட்டும், உசத்தியா அச்சடிச்சுத் தர்றாங்க. அட்லஸைப் பிரிக்கறதுக்கு நம்ம பக்கத்துல இருந்து ஆதரவு போக வேண்டாம்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இவ்வளவுதான். அடுத்த தடவை பழைய மேப் போடும்போது தகடு முதல்ல வெட்டின வருஷம், இந்தக் காகிதம் அச்சான வருஷம் ரெண்டையும் தனித்தனியா போடுங்க. ஓரத்தை வெட்டாதீங்க, படம் சின்னதானாலும் பரவாயில்ல, ஸ்கேலும் சின்னமும் வியாபாரி பேரும் தெரியணும். முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை ஓகில்பியோட ஒரே ஒரு தகட்டை, அந்த அபெரிஸ்ட்வித் ரோட்டையே, முழுப் பக்கத்துக்கு போடுங்க, எப்படிப் படிக்கணும்னு பக்கத்துல நாலு வரி எழுதினா போதும், பள்ளிக்கூடப் பசங்க கூட விரல் வெச்சுக்கிட்டே போயிடுவாங்க. 1579னு போட்டிருந்த அந்தப் படத்துக்கு ஒரு திருத்தமும் வெளியிடுங்க, ரோடுகள் 1690ஐ ஒட்டி சேர்க்கப்பட்டவைன்னு ஒரு வரி இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்